நின்றுபோன தொடருக்கு ஒரு ரசிகர் ஆவணப்படம்: வேலூர்ப் பக்கம் எடுப்பவர்களுக்கு

ஒரு தொடர் பாதியில் நின்று இருபது வருடம் ஆனாலும், அதில் வந்த வசனத்தை அட்சரம் பிசகாமல் சொல்லும் பெண்கள் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் இருப்பார்கள். அவர்களைப் படம் பிடிக்கக் கிளம்பும் பலர் கடைசியில் தொடரைப் பற்றிய படத்தை எடுத்துவிடுகிறார்கள். கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், நடுநடுவே பழைய காட்சிகள் என்று படத்தின் 40 நிமிடமும் ஓடிவிடும். ரசிகர் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார். தொடரின் கதைக்கு 3 நிமிடம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். மீதி நேரமெல்லாம் பார்த்தவர்களுக்கு உரியது: எந்த வீட்டில் பார்த்தார்கள், யாரோடு பார்த்தார்கள், நின்ற மறுநாள் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள், எதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கேமராவைத் தொடும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தொடர் ஏன் நின்றது என்பதை முதலில் விசாரித்து எழுத வேண்டும். காலத்துக்குக் காலம் காரணம் வேறு. தூர்தர்ஷன் நாளில் பல தொடர்கள் 13 வாரக் கணக்கில் அனுமதி பெற்றவை. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் கதை எங்கே நிற்கிறதோ அங்கேயே முற்றும். தனியார் சேனல்கள் வந்தபின் விளம்பரமும், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற டி.ஆர்.பி. கணக்கும் முடிவு செய்தன. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று, பிறகு திரும்ப வராமலே போன தமிழ்த் தொடர்கள் பல.

டி.ஆர்.பி. விஷயத்தைப் படத்தில் ஒரு நிமிடமாவது விளக்கிவிடுங்கள். ரசிகர்கள் பலருக்கு மனதில் முள்ளாக நிற்பது இதுதான்: "எங்க தெருவே பார்த்தோமே, எப்படி ஆளில்லைன்னு சொன்னாங்க?" 2015 முதல் இந்தியாவில் இந்தக் கணக்கை பார்க் (BARC) என்ற அமைப்பு எடுக்கிறது. நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து, அதை வைத்து மொத்தத்தையும் மதிப்பிடுகிறார்கள். மீட்டர் இல்லாத தெருவில் நூறு வீடும் அதே தொடரைப் பார்த்தாலும் அது நேரடியாகக் கணக்கில் ஏறாது. இதைத் தெரிந்துகொண்டபின் பேட்டி கொடுப்பவர் பேசுவதே மாறும்.

எபிசோடுகள் எந்த வரிசையில் வந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2002-ல் ஃபாக்ஸ் சேனலில் வந்த ஃபயர்ஃபிளை தொடருக்கு 14 எபிசோடு எடுத்தார்கள், 11 தான் ஒளிபரப்பானது. முதலாவதாக வரவேண்டிய அறிமுக எபிசோடையே கடைசியில் டிசம்பரில் போட்டார்கள். கதை புரியாமல் விலகியவர்களும் உண்டு, புரிந்துகொண்டு விடாப்பிடியாக நின்றவர்களும் உண்டு. அந்த ரசிகர்களின் பிடிவாதத்தைப் பேசும்போது இந்த வரிசைக் குளறுபடியைச் சொல்லாமல் முடியாது. நம் பக்கத்துத் தொடருக்கும் இப்படி ஏதாவது இருக்கும்: நேரம் மாற்றியது, இரவு 8-லிருந்து பகலுக்குத் தள்ளியது, நடிகை மாறியது. சரிபார்க்கப் பழைய நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதி போதும். வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் சென்னை கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் போய்ச் சேரும் நூலகங்களில் அது ஒன்று. தேதி தெரியாமல் போனால் நாள் முழுக்கக் கட்டுகளைப் புரட்ட வேண்டிவரும். மாதத்தையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

ஆட்களைத் தேடுவது

10 பேர் போதும். 25 பேரைப் பேட்டி எடுத்தால் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும், ஒருவர் முகமும் மனதில் நிற்காது. ஆனால் அந்த 10 பேரும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. வட ஆற்காட்டின் வளமே இந்தக் கலவைதான்: ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் வீட்டில் உருது பேசி டி.வி.யில் தமிழ்த் தொடர் பார்த்தவர்கள். குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பார்த்தவர்கள். பீடி சுற்றும் பெண்களைக் கட்டாயம் சேருங்கள். மடியில் முறம், கண் இலையின் மேல், காது டி.வி.யில். தொடரைப் பாதி பார்த்து மீதியைக் கேட்டவர்கள் அவர்கள். அதனால் முகங்களைவிடக் குரல்களை நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். "அந்த வில்லி வர்றதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும்" என்று பின்னணி இசையைச் சொல்வார்கள். இப்படி ஒரு சாட்சி வேறெங்கும் கிடைக்காது.

ஒப்புதல் கடிதம் ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். முகம் காட்டலாமா, பெயர் போடலாமா, வீட்டு வாசல் தெரியலாமா, யூடியூபில் போடலாமா என நான்கு கேள்விக்கும் தனித்தனிக் கட்டம். மொத்தமாக ஒரு கையெழுத்து வாங்கினால் படம் வந்தபின் மருமகளோ மகனோ நீக்கச் சொல்வார்கள், அப்போது சங்கடம். முகம் வேண்டாம் என்றால் விட்டுவிடாதீர்கள். இலை வெட்டும் கைகளை மட்டும் எடுங்கள், குரல் போதும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து.

பேட்டி

"அந்தத் தொடர் ஏன் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று ஆரம்பித்தால் "நல்லா இருக்கும், குடும்பக் கதை" என்ற பதில்தான் வரும். பொருளிலிருந்து தொடங்குங்கள். "அப்போ டி.வி. எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டால், எழுந்து போய்ச் சுவரைக் காட்டுவார். அங்கிருந்து யார் எங்கே உட்கார்ந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றே பார்த்தது, கரண்ட் போன இரவு எந்த வீட்டுக்கு ஓடினார்கள் என்று தானாக வரும். கடைசி எபிசோடு பற்றிக் கடைசியில் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் பத்து விநாடி பொறுங்கள். முதல் பதில் முடிந்து, ஒரு மௌனம் முடிந்து, அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டியது.

போனில் எடுப்பதானால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் தானாக வைத்துக்கொள்ளும் 30 பிரேமில் ஷட்டரும் இஷ்டத்துக்கு ஓடினால் டியூப்லைட், எல்.இ.டி. வெளிச்சம் துடிக்கும். எடுக்கும்போது சின்னத் திரையில் தெரியாது, பெரிய திரையில் கண்ணைக் குத்தும். பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

சட்டையில் குத்தும் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள். சேலைத் தலைப்பில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசர என்று கேட்கும். ரவிக்கை ஓரத்தில், சங்கிலியும் தாலிக்கயிறும் உரசாத இடமாகப் பார்த்து அவரையே குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் சாதாரணமாகப் பேசும்போது ஒலி அளவு காட்டும் மீட்டர் -12 டெசிபல் பக்கம் இருந்தால் சரி. சிரித்தால், அழுதால் ஏற இடம் வேண்டும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் தகரக் கூரை வீட்டில் விசிறி இல்லாமல் வயதானவரை உட்கார வைப்பது கொடுமை, ஆகையால் காலை 6.30-லிருந்து 9.30-க்குள் முடியுங்கள். எட்டு நிமிடம் எடுப்பது, விசிறி போட்டு ஐந்து நிமிடம் ஓய்வு. போனுக்கும் அந்த ஓய்வு தேவை. 40 டிகிரியில் 4கே எடுத்துக்கொண்டே இருந்தால் சூடேறி ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். 1080-ல் எடுத்தாலே போதும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த அறையின் சும்மா சத்தத்தைப் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களுக்கு ஒட்டுப்போட அது வேண்டும். காட்பாடி ஜங்ஷன் பக்கம் என்றால் ரயில் ஹாரன் வந்தபின் அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

வேலூர்க் கோட்டையையும் அகழியையும் காட்டித்தான் படம் தொடங்க வேண்டும் என்றில்லை. தொடரைப் பார்த்தது வீட்டுக் கூடத்தில். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முக்காலியும் விளக்கும் கொண்டுபோக முன் அனுமதி தேவை. அந்த அலைச்சலுக்கு இன்னும் இரண்டு வீட்டுக்குப் போய்வரலாம்.

பரணில் கிடக்கும் கேசட்டுகள்

யாராவது ஒருவர் வீட்டில் வி.எச்.எஸ். கேசட் இருக்கும். தொடர் சேனலிடமே இல்லாமல் போயிருந்தால் அதுதான் மிஞ்சிய பிரதி, ஆகவே அவசரப்பட்டு எதிலும் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் கேசட்டின் முதுகில் இடது ஓரத்துச் சின்னப் பிளாஸ்டிக் தாவலை உடைத்து எடுங்கள். தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் அழியாது. பிறகு கண்ணாடி ஜன்னல் வழியாக டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். பளபளக்கும் கறுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாக மாவு தூவியதுபோல் தெரிந்தால் பூஞ்சணம். அதை வி.சி.ஆரில் போட்டால் படமும் வராது, பூஞ்சணம் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அந்தக் கேசட்டைத் தனியாகப் பையில் கட்டி வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட்டை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்றுங்கள். பல வருடம் ஒரே நிலையில் கிடந்த டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஒருமுறை சுற்றினால் இழுவிசை சமமாகும். வி.சி.ஆர். ஹெட்டைத் துடைக்கக் காது குடையும் பஞ்சு ஆகாது, இழை ஹெட்டின் விளிம்பில் சிக்கும். நார் உதிராத மெல்லிய தோல் துணியை 99 சதவீத ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பொருந்திய உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையை மேலிருந்து மெதுவாகச் சுழற்றுங்கள். துணி மேலும் கீழும் போகவே கூடாது. ஹெட் முனை முடியளவு மெல்லியது, அந்த அசைவில் உடைந்துவிடும். காய 10 நிமிடம் விடுங்கள்.

வி.சி.ஆரின் மஞ்சள் ஒயரை வீடியோவுக்கும், வெள்ளை சிவப்பை ஆடியோவுக்கும் கொடுத்து, யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கணினிக்கு எடுங்கள். மென்பொருளில் நம் நாட்டு டி.வி. முறையான 'பால்' (PAL) முறையைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் (NTSC) விட்டுவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வரும். அளவு 720-க்கு 576, நொடிக்கு 25 பிரேம். தரம் இழக்காத கோப்பாகச் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 35 ஜிபி ஆகும். இ-180 கேசட் சாதாரண வேகத்தில் 3 மணி நேரம், ஆகவே ஒரு கேசட்டுக்கு 100 ஜிபிக்கு மேல் இடம் வையுங்கள். சிலர் கேசட்டை மிச்சம் பிடிக்க எல்.பி. என்ற பாதி வேகத்தில் 6 மணி நேரம் பதிந்திருப்பார்கள். அது எல்லா வி.சி.ஆரிலும் ஓடாது. ஓடினாலும் படத்தில் கோடு விழும். டிராக்கிங் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டி எறியாதீர்கள். ஒளிபரப்பான தேதியைக் கண்டுபிடிக்க அவைதான் உதவும்: பொங்கல் தள்ளுபடி, புதுப்பட அறிவிப்பு, கீழே ஓடும் செய்தி வரி. எடிட்டிங்குக்கு எடுக்கும் பிரதியில் மட்டும் இன்டர்லேஸை (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் படம் பதியும் பழைய முறை) நீக்கி நொடிக்கு 50 பிரேமாக்குங்கள், அடியில் துடிக்கும் சில வரிகளை வெட்டுங்கள். பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பினால் எல்லா முகமும் பூசணிக்காயாகும். 1440-க்கு 1080 ஆக வைத்து இரு பக்கமும் கறுப்பாக விடுங்கள்.

டி.வி. முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துத் தலைப்புப் பாட்டைப் பதிந்த ஆடியோ கேசட் இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள். பாட்டுக்கு நடுவே ஒரு குழந்தை கத்தும், அம்மா "சத்தம் போடாத" என்பார். எந்தச் சேனலின் காப்பகத்திலும் இது கிடையாது.

கடிதங்களுக்குத் தேதி போடுவது

தொடரை நிறுத்தாதீர்கள் என்று சேனலுக்கும் வார இதழுக்கும் எழுதிய கடிதங்களின் நகல், திரும்பி வந்த உறை, வாசகர் கடிதம் வெளியான துண்டுத்தாள் கிடைத்தால் பொக்கிஷம். பலவற்றில் தேதி இருக்காது. தபால் முத்திரை தெளிவாக இருந்தால் வேறெதுவும் வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய முத்திரையும் தெரியும். முத்திரையும் இல்லையென்றால் முகவரியைப் பாருங்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்து, வேலூர் இருந்த பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பின்னர் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. கடிதத்தில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று இருந்தால் அது 1989-க்கு முன் எழுதியதாக இருக்க முடியாது. இதைத் தலைகீழாகப் பயன்படுத்தக் கூடாது: 'வ.ஆ. மாவட்டம்' என்றிருப்பதால் அது 1989-க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. பழகிய கை பழைய பெயரையே வெகுகாலம் எழுதும். புதுப் பெயர் சாட்சி, பழைய பெயர் சாட்சியல்ல.

கடிதத்தைப் படம் எடுக்கும்போது மடிப்பை நிமிர்த்தக் கண்ணாடி போட்டு அழுத்தாதீர்கள், வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். ஜன்னலோரம் தரையில் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். எழுதியவரையே கையில் பிடித்து வாசிக்கச் சொல்லி அதையும் எடுங்கள்.

காட்சிகளைப் பயன்படுத்தும் உரிமை

"10 விநாடிக்குள் என்றால் பிரச்சினை இல்லை" என்று சொல்வார்கள். அப்படியொரு விதி சட்டத்தில் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விமர்சனத்துக்கும் மதிப்பீட்டுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. ஆகவே காட்சியைப் போட்டால் அதன் மேல் ஒருவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு விநாடியும் ஓடக் கூடாது. அழகுக்காக ஓட்டுவது விமர்சனம் ஆகாது. திரைப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டு. 1985-ல் வந்த தூர்தர்ஷன் தொடருக்கும் இன்னும் உரிமையாளர் உண்டு. கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்ட கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும்.

யூடியூபின் தானியங்கிச் சோதனையில் முதலில் மாட்டுவது தலைப்புப் பாட்டு. பழைய காட்சியே இல்லாமல் அதே உணர்வைக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. பேட்டி கொடுப்பவரை இருட்டு அறையில் டி.வி. முன் உட்கார வைத்து, அவர் பதிந்து வைத்த எபிசோடை ஓட்டி, திரையைக் காட்டாமல் முகத்தை மட்டும் எடுங்கள். வெளிச்சம் மாறி மாறி முகத்தில் விழும். உதடு வசனத்தோடு சேர்ந்து அசையும். இந்த ஒரு ஷாட்டுக்காக அரை நாள் செலவழிக்கலாம். பழைய குண்டு டி.வி. திரையையே எடுப்பதானால் ஷட்டரை 1/50-லோ 1/25-லோ வையுங்கள், இல்லாவிட்டால் கறுப்புப் பட்டை ஓடும்.

எடிட்டிங்

போன் கோப்புகளை அப்படியே எடிட்டிங் மென்பொருளில் போடாதீர்கள். போன் பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதியும். இருபது நிமிடம் போனதும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் மாறாத 25 பிரேமாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குத் தாங்கும்.

10 பேர், ஆளுக்கு 40 நிமிடம் என்றால் 400 நிமிடம். முழுவதையும் நிமிடக் குறிப்போடு தாளில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தாளில் வெட்டி ஒட்டிப் பார்த்தவர் கணினியில் தடுமாற மாட்டார். ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். "நடிகைக்குக் கல்யாணம், அதான் நிறுத்திட்டாங்க" என்பது போன்ற வதந்தியை ரசிகர் சொல்லலாம், ஆனால் உங்கள் விளக்கக் குரல் அதை உண்மையாகச் சொல்லக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் உறுதியானதை மட்டும் அந்தக் குரல் பேசட்டும்.

திரையின் கீழே போடும் எழுத்தில் (சப்டைட்டில்) பேச்சைத் திருத்தாதீர்கள். "அவ போய்கினே இருந்தா, நாங்க அழுதுகினே இருந்தோம்" என்று ஒருவர் சொன்னால், "அவள் போய்க்கொண்டே இருந்தாள்" என்று கீழே எழுதுவது அவரை அவமதிப்பது. தமிழை ஒழுங்காகக் காட்டாத டைட்டில் கருவிகளும் உண்டு: 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே வட்டமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் 'கெ, கோ, ஸ்ரீ, க்ஷ' நான்கையும் அடித்துச் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கோப்புகள் எப்போதும் மூன்று பிரதி: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று.

திருப்பிக் கொடுப்பது

பொதுமக்களுக்கு மண்டபத்தில் திரையிடத் தணிக்கைச் சான்று வேண்டும், ஆவணப்படமானாலும் அப்படித்தான். படத்தில் பேசியவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மட்டும் அழைத்து ஒரு மாடியில் போட்டுக் காட்டுங்கள். வலையேற்றும் முன் இதைச் செய்தால், யாராவது ஒரு வரியை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடலாம்.

இரவல் வாங்கிய கேசட், கடிதம், போட்டோ ஒவ்வொன்றையும் வாங்கிய அன்றே பட்டியல் போட்டு, கொடுத்தவர் பெயரைப் பென்சிலில் உறையின் மேல் எழுதியிருக்க வேண்டும். கேசட்டைத் திருப்பும்போது கூடவே ஒரு பென் டிரைவ் கொடுங்கள். வீட்டு டி.வி.யில் ஓட வேண்டுமென்றால் எச்.264, எம்.பி.4, 1080, நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் 40 நிமிடப் படம் 2.4 ஜிபி வரும். பழைய டி.வி.கள் பல ஃபேட் 32 முறையில் இருக்கும் பென் டிரைவைத்தான் படிக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. அவருடைய கேசட்டிலிருந்த எபிசோடுகளையும், விளம்பரங்களோடு, அதிலேயே போட்டுக் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாமல், அவர் டி.வி.யில் செருகி, ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று காட்டி, முதல் எபிசோடு ஓடத் தொடங்கும்வரை இருந்து பாருங்கள்.